பாரந்தூக்கும் பொறியும் பாதுகாப்பும்

மனிதனுடைய கைவன்மை சிறிது. அவன் தூக்க விரும்பும் பாரமோ பெரிது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள இடைவெளியை நிரப்புதற்கு அவன் கண்ட ஆதிக் கருவிகளுள் நெம்புகோல் ஒன்றாகும். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞரான ஆக்கிமிடிசு அந்நெம்பின் விதியைக் கணித முறையால் நிறுவினார். எத்தனம், சுமை, பொறுதி என்னும் மூன்று சொற்களையும் கொண்டு அவ்விதியை விளக்க இன்று பாடசாலை மாணவர் யாவரும் அறிவர். ஆயினும் அவ்விதிக்கு மற்றொரு முகம் உண்டென்பது வகுப்பறையிற் பெரும்பாலும் சொல்லப்படாது போகின்றது. கை பாரத்தை அடைதற்கு நெம்பு வழி அமைப்பது போலவே, பாரம் கையை அடைதற்கும் அதே நெம்பு வழி அமைக்கின்றது. இவ்வுண்மையை மறந்தவர்க்கு அதனை மிகக் கடுமையாக உணர்த்தும் கருவி ஒன்றுண்டு. அதுவே காட்டுப்பாதைகளில் ஓடும் ஜீப் முதலிய வாகனங்களிற் கொண்டுசெல்லப்படும் நெடிய கைஜக் ஆகும்.

இக்கருவி நகரத்து மோட்டார் வண்டிக்கென ஆக்கப்பட்டதன்று. அமெரிக்க நாட்டின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த புளூம்பீல்டு என்னும் சிற்றூரில், 1905ஆம் ஆண்டளவில், பண்ணைத் தொழிலுக்குத் துணையாக இது தோன்றியது. வேலிக் கம்பங்களைப் பிடுங்குதல், புதைந்த வண்டியைக் கிளப்புதல், பெருமரங்களை நகர்த்துதல் ஆகிய பல பணிகளுக்கும் ஒரே பொறி உதவியமையால் உழவர் இதனைப் பெரிதும் போற்றினர். பின்னர்ச் சேற்றிலும் மணலிலும் வாகனம் செலுத்துவோர் இதனைத் தமதாக்கிக் கொண்டனர். சாதாரண ஜக்கு ஓரடி உயர்த்துமாயின், நாற்பத்தெட்டு அங்குலத் தண்டையுடைய இது ஏறத்தாழ மூன்றடி உயர்த்த வல்லது. எண்ணெயோ மின்சாரமோ இதற்கு வேண்டியதில்லை. இச்சிறப்புகளோடு, ஆங்கிலம் பேசும் நாடுகளின் சாரதிகள் இதற்கு இட்ட பட்டப்பெயரையும் சேர்த்து நினைத்தல் தகும். மனைவியரைக் கைம்பெண்ணாக்கும் பொறி என்பதே அப்பெயரின் பொருள்.

பொறியின் அமைப்பு

பயன்படுத்தும் முறையை அறியுமுன் அமைப்பை அறிதல் வேண்டும். வரிசையாகத் துளைகள் இடப்பட்ட நெடிய உருக்குத் தண்டொன்று இப்பொறியின் முதுகெலும்பு. அதன் அடியிற் சிறியதோர் இரும்புத் தட்டு உண்டு. தண்டின் வழியே ஏறி இறங்கும் உறுப்புகள் இரண்டு. அவற்றை மேலோடி, கீழோடி எனக் கூறலாம். பாரத்தைத் தாங்கும் நாக்கு மேலோடியில் அமைந்துள்ளது. நெடிய கைபிடியும் மேலோடியிலேயே பொருத்தப்பட்டு, ஓர் இணைப்புத் துண்டினாற் கீழோடியுடன் தொடுக்கப்பட்டிருக்கும். இரண்டு ஓடிகளிலும் வில்லினால் தள்ளப்படும் ஆணி ஒவ்வொன்று உண்டு. இவ்வாணிகள் தண்டின் துளைகளில் மாறி மாறிப் புகுந்து பாரத்தைத் தாங்குகின்றன.

கைபிடியைக் கீழே அழுத்தும்போது கீழோடியின் ஆணி துளையில் நிலைத்து நின்று பாரத்தை ஏற்கின்றது. மேலோடி ஒரு படி உயர்ந்து, அதன் ஆணி அடுத்த துளையில் ‘கிளிக்’ என்ற ஓசையுடன் விழுகின்றது. கைபிடியை மீண்டும் மேலே உயர்த்தும்போது பாரம் மேலோடியின் ஆணியில் நிற்க, கீழோடி ஒரு படி மேலேறுகின்றது. அதன் ஆணியும் அவ்வாறே ஓசையுடன் விழுகின்றது. ஆகவே ஒவ்வொரு முழு அசைவுக்கும் இரண்டு ஓசைகள் கேட்டல் வேண்டும். பனையேறுபவன் கைகளால் மரத்தைப் பற்றிக் கால்களை உயர்த்தியும், கால்களால் நிலைத்துக் கைகளை உயர்த்தியும் ஏறுவதை இதற்கு ஒப்பிடலாம். ஒன்று பற்றாத நிலையில் மற்றொன்றை விட்டால் அவன் கதி என்னவோ, அதுவே இங்குப் பாரத்தின் கதியுமாம்.

இந்த ஓட்டத்தை ஏற்றமாகவோ இறக்கமாகவோ மாற்றுவது மேலோடியின் பக்கத்திலுள்ள சிறு மாற்றுத்தாழ். அதனை மேலே தள்ளினால் பொறி ஏறும். கீழே தள்ளினால் இறங்கும். கைபிடிக்கும் கீழோடிக்கும் இடையே முறியாணி ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 7000 இறாத்தல் பாரம் வருமிடத்து அது தானே முறிந்து, மேற்கொண்டு உயர்த்தவொட்டாது தடுக்கும். பாரம் அப்போதும் ஆணியிலேயே நிற்கும். அம்முறியாணி அற்றபோது கடையிற் கிடைத்த வலிய ஆணியொன்றை அதற்கீடாக இடுதல் பேதைமை. காவலனைக் கொன்று கதவைத் திறந்து வைப்பதனோடு அச்செயல் ஒக்கும்.

நெம்பின் மறுமுகம்

கைபிடியின் நுனி 40 அங்குலம் நகரும்போது பாரம் ஓரங்குலம் உயர்கின்றது என எடுத்துக்கொள்வோமாயின், உராய்வை நீக்கிப் பார்க்கில், 1500 இறாத்தற் பாரத்தை உயர்த்துதற்கு 37½ இறாத்தல் எத்தனமே போதும். பன்னிரண்டு வயதுச் சிறுவனும் இவ்வெத்தனத்தைக் கொடுத்தல் கூடும். இதுவே பொறிமுறை நயம்.

இனி இக்கணக்கைத் தலைகீழாக்கிப் பார்த்தல் வேண்டும். பாரம் ஓரங்குலம் இறங்கினால் கைபிடியின் நுனி 40 அங்குலம் ஓடவேண்டும். பாரம் எவ்வளவு விரைவாக விழுகின்றதோ, அதன் நாற்பது மடங்கு விரைவில் கைபிடி சுழலும். உயர்த்தும்போது கைக்கு இலாபமாக நின்ற அந்த நாற்பதே, கைவிட்டபோது நட்டமாக வந்து தாக்குகின்றது. பாரம் கீழோடியிற் தொங்கும் நடுநிலையிற் கை வழுவினால் கைபிடி மேல்நோக்கிப் பாய்ந்து தண்டின்மீது மோதும். இடையிற் குனிந்து நிற்பவனுடைய தாடையோ நெற்றியோ அப்பாய்ச்சலின் வழியில் அகப்படும். இப்பொறியால் நேரும் கொடிய காயங்கள் பல இவ்வாறே நேர்கின்றன.

சேமிக்கப்படும் சக்தியின் அளவையும் எண்ணிப் பார்க்கலாம். 700 கிலோ பாரத்தை அரை மீற்றர் உயர்த்தினால் அதிற் சேரும் அழுத்தசக்தி ஏறத்தாழ 3430 யூல். ஐம்பது கிலோ அரிசி மூட்டையொன்று 7 மீற்றர் உயரத்திலிருந்து விழுமாயின் எத்துணை ஊறு விளைக்குமோ, அத்துணை ஊறு விளைக்கவல்ல சக்தி அச்சிறு ஆணியிற் கட்டுண்டு நிற்கின்றது. இதனை நினைவிற் கொண்டவன் உயர்த்திய வாகனத்தின் கீழே தலை நீட்டான்.

உயர்த்துமுன் செய்யத்தக்கவை

மாரிகாலத்துச் சேற்றுவழியில் ஒரு பழைய லாண்ட் றோவர் வண்டியின் வலப்புறப் பின்சில்லு புதைந்துவிட்டதெனக் கொள்வோம். முதலில் எழவேண்டிய வினா, உயர்த்துதல் இன்றியமையாததா என்பதே. மண்வெட்டியால் சேற்றை அகற்றுதல், ரயரின் காற்றைச் சிறிது குறைத்தல், சில்லுக்கு முன்னே பலகையோ கிளையோ இடுதல், மற்றொரு வாகனத்தைக் கொண்டு இழுத்தல் என்பன ஜக்கிலும் ஆபத்துக் குறைந்த வழிகள். அவை பயன்படாதபோதே ஜக்கை நாடுதல் அறிவுடைமை.

உயர்த்துவதே வழியெனத் துணிந்தபின், வாகனம் உருளாதிருக்கச் செய்வது முதற்கடன். இங்கே பலரும் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டு ஆம்சுற்றடாம் நகரத்து மோட்டார்க் காட்சியில் அறிமுகமான முதல் லாண்ட் றோவர் தொடங்கி, 2016ஆம் ஆண்டு சனவரியில் உற்பத்தி நின்ற பழைய டிபெண்டர் வரையிலும், அவ்வண்டிகளின் கைப்பிறேக்கு சில்லுகளைப் பற்றுவதன்று. கியர்ப்பெட்டிக்குப் பின்னாலுள்ள சுழல்தண்டையே பற்றுகின்றது. சுழல்தண்டுக்கும் பின்சில்லுகளுக்கும் இடையே டிபரன்சியல் என்னும் பற்சில்லுத் தொகுதி உண்டு. அதன் இயல்பு யாதெனின், சுழல்தண்டு அசையாது நிற்கும்போதும், ஒரு சில்லு முன்னோக்கிச் சுழல மற்றது பின்னோக்கிச் சுழல இடங்கொடுத்தலே.

இரண்டு சில்லுகளும் நிலத்தில் நிற்கும்வரை இவ்வியல்பால் தீங்கில்லை. ஒன்றுக்கொன்று எதிராக அவை உருள முடியாதாகலின் வாகனம் நிற்கும். ஒரு பின்சில்லு நிலத்தைவிட்டு எழுந்த கணத்திலேயே நிலைமை மாறிவிடுகின்றது. எழுந்த சில்லு அந்தரத்திற் பின்னோக்கிச் சுழல, நிலத்திலுள்ள சில்லு முன்னோக்கி உருளும். இழுத்துவிட்ட கைப்பிறேக்கும், இட்டுவைத்த கியரும் தத்தம் கடமையைச் செய்தபடியே இருக்க, வாகனம் ஜக்கிலிருந்து வழுவி ஓடிவிடும். பிறேக்கை நம்பியவன் எவ்வாறு ஏமாந்தான் என்பதற்குரிய விடை டிபரன்சியலின் உள்ளே கிடக்கின்றது.

ஆதலின் இத்தகைய வாகனங்களில், உயர்த்துமுன் நான்கு சில்லு இயக்கத்தைத் தாழ்ந்த கியர் வரிசையில் இணைத்தல் வேண்டும். நிலையான நான்கு சில்லு இயக்கமுடைய வகைகளில் நடு டிபரன்சியலைப் பூட்டி, அது பூட்டப்பட்டதைக் காட்டும் விளக்கையும் நோக்குதல் வேண்டும். அப்போது முன்சில்லுகளின் பற்றும் வாகனத்தை நிறுத்த உதவும். எனினும் முன்னும் பின்னுமாக இரண்டு சில்லுகள் ஒருங்கே எழுமாயின் அவ்வுதவியும் அற்றுப்போம். எந்நிலையிலும் மாறாத காவல், நிலத்திலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் இறுக வைக்கப்பட்ட அணைகட்டைகளே. உரிய கட்டை இல்லாதவிடத்துப் பெருங்கல்லோ மரத்துண்டோ அப்பணியைச் செய்யும். இயந்திரத்தை நிறுத்தி, உள்ளிருப்போர் யாவரையும் இறக்கித் தூரத்தே நிற்கச் செய்தலும் வேண்டும். சில்லு கழற்றப்பட வேண்டியதாயின், அதன் சுரைகளை நிலத்தில் நிற்கும்போதே சிறிது தளர்த்திவிடுதல் முறை; உயர்த்தியபின் வலிந்து திருகினால் வாகனம் ஆடும்.

அடியும் நாக்கும்

ஜக்கின் அடித்தட்டு நான்கங்குல அகலமும் ஏழங்குல நீளமும் கொண்டது. பரப்பு ஏறத்தாழ 28 சதுர அங்குலம். 1500 இறாத்தற் பாரம் அதன்மீது வருமாயின் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 53 இறாத்தலுக்கு மேற்பட்ட அமுக்கம் உண்டாகும். ரயரின் காற்றமுக்கம் பெரும்பாலும் இதிற் குறைவே. ரயர் புதைந்த சேற்றில் அத்தட்டு அதனினும் விரைந்து புதையுமென்பது இதனாற் பெறப்படும். ஓரடி அகலமும் ஒன்றரையடி நீளமுமுள்ள தடித்த பலகையொன்றைக் கீழே இட்டால் பரப்பு 216 சதுர அங்குலமாகின்றது. அமுக்கமும் சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தலாகத் தாழ்கின்றது. நெல்வயலில் பலகைமேல் நிற்பவன் புதையாதிருத்தல் போன்றதே இது. கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அதன்மேல் ஜக்கை நிறுத்துதல் ஒருபோதும் தகாது.

நாக்கு பற்றும் இடமும் ஆராய்ந்து தெரியப்படல் வேண்டும். சட்டத்தோடு உறுதியாகப் பிணைக்கப்பட்ட உருக்குத் தாங்கியோ, பக்கவாட்டு உருக்குக் குழாயோ, உற்பத்தியாளர் குறித்த இடமோ மாத்திரமே தக்கது. இக்காலத்து வாகனங்கள் பலவற்றின் முன்பின் தாங்கிகள் பிளாத்திக்கினால் மூடப்பட்டவை, வளைந்தவை. அவற்றில் நாக்கு நில்லாது. அவ்வகை வாகனங்களுக்கு இந்நெடிய ஜக்கு ஏற்றதன்று. வாகனத்தோடு தரப்பட்ட ஜக்கையே கைக்கொள்ளுதல் நன்று. நாக்கின் முழு நீளமும் பாரத்தின் கீழே புகுந்திருத்தல் வேண்டும்; நுனியளவிற் பற்றியது நுனியளவே பாதுகாப்பாகும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இந்த ஜக்கு வாகனத்தின் உடலையே தூக்குகின்றது, சில்லைத் தூக்குவதன்று. உடல் எழ எழ வில்லுத் தகடுகள் விரிந்து, சில்லோ சேற்றிலேயே தங்கிவிடும். சில்லு எழுமுன் உடல் ஆபத்தான உயரத்தை அடைந்துவிடும். ஆகவே உயர்த்துமுன் அச்சைச் சட்டத்தோடு வலிய பட்டியாற் கட்டிவிட்டால், உடலுடன் சில்லும் ஒருங்கே எழும். எவ்வளவு தாழ உயர்த்தி வேலை முடிகின்றதோ அவ்வளவுக்குப் பாதுகாப்பு மிகும்.

உயர்த்தலும் தாங்கலும்

தண்டைச் செங்குத்தாக நிறுத்தி, நாக்கு பாரத்தைத் தொடும்வரை மேலோடியைக் கையால் உயர்த்தியபின், கைபிடியை இரு கைகளாலும் இறுகப் பற்றி அழுத்துதல் வேண்டும். கால்கள் அகன்று உறுதியாக நிற்க, முகமும் உடலும் கைபிடி செல்லும் வில்வழிக்குப் புறத்தே இருத்தல் இன்றியமையாதது. ஒவ்வோர் அசைவையும் முழுமையாகச் செய்து, இரண்டு ஓசைகளையும் செவியால் எண்ணிக்கொள்ளல் வேண்டும். ஓசை கேளாவிடின் ஆணி துளையிற் புகவில்லை என்பது கருத்து. அந்நிலையிற் கைபிடியை விடாது, மெல்ல முன்னிருந்த நிலைக்குக் கொண்டுவந்து காரணத்தை ஆராய்தல் முறை.

வாகனத்தின் ஒரு பக்கம் எழும்போது, அது மறுபக்கத்துச் சில்லுகளைப் பொறுதியாகக் கொண்டு ஒரு வட்டவில்லிற் செல்கின்றது, நேர்மேலே செல்வதன்று. ஆதலால் உயரம் கூடக்கூட நாக்கு பற்றிய இடம் மறுபக்கத்தை நோக்கி நகரும். தண்டின் மேற்பகுதியும் வாகனத்தை நோக்கிச் சாயும். சாய்வு தோன்றியதும் நிறுத்தி, வாகனத்தை இறக்கி, தண்டைத் திரும்ப நிறுத்துவதே அறிவு. இன்னும் இரண்டு படி ஏற்றிவிடலாம் என்னும் எண்ணமே பலரைக் கெடுத்தது.

வேண்டிய உயரம் வந்ததும் கைபிடியைத் தண்டோடு ஒட்ட நிமிர்த்தி, அதற்குரிய கவ்வியால் மாட்டிவிடல் வேண்டும். கைபிடியைக் கிடையாக நீட்டியபடி விட்டு அப்பாற் செல்லுதல் பெரும்பிழை. பின்னர் வாகனத்தின் சட்டத்துக்குக் கீழே உறுதியான தாங்கியையோ, குற்றுமரங்களையோ இட்டுப் பாரத்தை அவற்றின்மேல் இருத்துதல் வேண்டும். வேறொன்றும் இல்லாதவிடத்து மேலதிகச் சில்லையாவது சட்டத்தின் கீழே கிடத்தினால், வாகனம் விழுந்தாலும் நிலத்தோடு நசுங்காத இடைவெளி எஞ்சும். ஜக்கு உயர்த்துவதற்குரிய பொறியேயன்றித் தாங்குவதற்குரிய தூணன்று. இவ்வொரு வாக்கியத்தை மறவாதவன் மற்றவற்றை மறந்தாலும் உயிர் தப்புவான்.

இறக்குதல்

ஏறுவதினும் இறங்குவதிலேயே இப்பொறி கொடியது. உயர்த்தும்போது மனிதன் தள்ளப் பாரம் செல்கின்றது. இறக்கும்போதோ பாரம் தள்ள மனிதன் தாங்குகின்றான். தாங்கிகளையும் கருவிகளையும் அகற்றியபின், கைபிடி தண்டோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கின்றதா என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நிற்கும்போதே மாற்றுத்தாழைக் கீழே தள்ளலாம். கைபிடி தாழ்ந்திருக்கும்போது தாழை மாற்றுவோன், தன் முகத்துக்கெதிரே தானே வில்லை நாணேற்றியவனாவான்.

தாழை மாற்றியபின் கைபிடியை இரு கைகளாலும் பற்றிக் கீழே அழுத்தினால், பாரம் கீழோடிக்கு மாறுகின்றது. பின் மேலோடி ஒரு படி இறங்க, கைபிடி பாரத்தின் விசையோடு மேலெழும். அவ்வெழுச்சியை இறுகப் பற்றி மெல்ல விடுதலே இறக்கும் கலை. கைபிடி கைவிட்டுப் போனால், பாரம் நிலத்தை அடையும்வரை அது தானே மேலும் கீழும் பேய்வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அப்போது அதைப் பிடிக்க முயல்வது எலும்பை இழப்பதற்கே வழியாகும். விலகி நின்று, வாகனம் விழுந்தொழியட்டும் என விடுவதொன்றே செய்யத்தக்கது. வாகனத்தைத் திருத்திக் கொள்ளலாம்.

படிப்படியாக இறங்குவதற்கு ஏறத்தாழ 150 இறாத்தற் பாரமாவது நாக்கின்மீது இருத்தல் வேண்டும். சில்லு நிலத்தைத் தொட்டுப் பாரம் நீங்கியதும் மேலோடி தண்டின் வழியே திடீரென வழுக்கி அடிக்கு விழும். ஆதலின் அதன் கீழே கைவிரலோ காலோ இருத்தலாகாது.

பொறியைப் பேணுதல்

இத்தனை காவலும் இரண்டு சிறு ஆணிகளையும் அவற்றின் வில்களையும் நம்பியே நிற்கின்றன. வாகனத்தின் வெளியே மழையிலும் புழுதியிலும் தொங்கவிடப்பட்ட ஜக்கில், சேறு உலர்ந்து ஆணிகளின் வழியை அடைத்துவிடும். பயன்படுத்திய பின்னர் நீரினாற் கழுவி உலர்த்தி, மெல்லிய எண்ணெய் இடுதல் வேண்டும். தடித்த கொழுப்பெண்ணெய் மணலைப் பற்றிக்கொள்ளுமாதலால் விலக்கத்தக்கது. ஆணிகள் தேய்ந்தனவா, வில்கள் தளர்ந்தனவா, தண்டு வளைந்ததா என்று பயணம் புறப்படுமுன் வீட்டு முற்றத்திலேயே பார்த்தல் நன்று. பாரமின்றிச் சில படிகள் ஏற்றி, இரு ஓசைகளும் தெளிவாகக் கேட்கின்றனவா எனச் சோதித்தலும் எளிதே. நடுக்காட்டில், இருட்டில், மழையில் முதன்முறையாகக் கற்கத்தக்க கருவியன்று இது.

பொறியைக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. அதனை இகழ்தலும் வேண்டா. ஒரு தனி மனிதன் தன் எடையினும் பத்து மடங்கு மிக்க பாரத்தை ஆளற்ற வழியிற் கிளப்பித் தன் பயணத்தைத் தொடர இது வகைசெய்கின்றது. அது சிறிய உதவியன்று. அவ்வுதவியைத் தரும் விதியே ஊற்றையும் தருகின்றது என்பதை அறிந்தவன், கைபிடியைப் பற்றும்போது அதன் மறுமுனையில் நிற்பது எதுவென்பதை மறவான். பரீட்சைத் தாளில் நெம்பின் விதியைப் பிழையின்றி எழுதியவனுக்குப் புள்ளிகள் கிடைக்கும். சேற்றுவழியில் அதனைப் பிழையின்றிக் கைக்கொண்டவன் வீடு திரும்புவான்.